கைக்குப் பழகிய வில்

வில்லாளி அஞ்சுவது புது வில்லுக்குத்தான்.

உள்ளுணர்வால் எய்பவர் அம்பு நுனியைப் பார்ப்பதில்லை. கண் இலக்கில் மட்டும். கை எவ்வளவு உயர வேண்டும் என்பதைப் பல்லாயிரம் அம்புகள் சொல்லிக் கொடுத்திருக்கும். வில் மாறினால் அந்தக் கணக்கு தவறுகிறது. இழுவிசை கூடிய வில்லில் அம்பு வேகமாகவும் தட்டையாகவும் பறந்து இலக்குக்கு மேலே குத்தும். மெதுவான வில்லில் கீழே.

பக்கவாட்டிலும் தொல்லை உண்டு. மூங்கில் வில்லில் அம்பு தண்டை ஒட்டி வளைந்து விலகும். நவீன வில்லில் நடுவே வெட்டிய இடைவெளி இருப்பதால் அந்த விலகல் குறையும்; பழைய கணக்கு இங்கும் பிசகும்.

ராஜஸ்தான் பழங்குடியைச் சேர்ந்த வில்லாளி லிம்பாராம் மூங்கில் வில்லில் எய்து வளர்ந்தவர். பின்னர் குறிகாட்டி பொருத்திய வில்லுக்கு மாறி, 1992இல் பெய்ஜிங் ஆசிய வில்வித்தைப் போட்டியில் 30 மீட்டரில் 360க்கு 358 புள்ளி எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தார். சும்மாவா!

பழகும் வழி எளிது, அலுப்பானதும்கூட. ஐந்தாறு மீட்டரில் நின்று, புள்ளி எண்ணாமல், ஒரே எடை அம்புகளை எய்ய வேண்டும். அவை ஒரே இடத்தில் குவியத் தொடங்கியதும் இரண்டடி பின்னால் நகரலாம்.