பழைய டிரக்குகள் – 7: ஐந்து கண்ணாடிக் கேபின்

சென்ற வாரம் எஞ்சின் எண்களைப் பார்த்தோம். இந்த வாரம் ஓட்டுநர் உட்காரும் கேபினுக்கு வருவோம். அமெரிக்காவில் ஷெவர்லே கம்பெனியார் 1947-ஆம் ஆண்டுக் கோடையில் 'அட்வான்ஸ் டிசைன்' என்ற பெயரோடு வெளியிட்டு, 1955-ஆம் ஆண்டின் தொடக்கம் வரையில் அடிப்படை உருவம் மாறாமல் செய்து விற்ற பிக்கப் டிரக்குகளுக்கு அந்நாட்டுப் பழம்பொருள் அபிமானிகளிடையே இன்றும் கிராக்கி உண்டு. அவற்றுள்ளும் 'ஐந்து கண்ணாடி வண்டி' என்று ஒருவர் சொல்லிவிட்டால், கேட்பவர் வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே விலை ஒரு படி ஏறிவிடுகிறது.

முன்புறக் கண்ணாடி இந்தக் கணக்கில் சேராது. கதவுக்கு ஒன்றாக இரண்டு, முதுகுப்புறம் ஒன்று, ஆக மூன்று கண்ணாடிகள் கொண்டது சாதாரணக் கேபின். கேபினின் பின் மூலைகள் இரண்டிலும் தகட்டுக்குப் பதிலாக வளைந்த கண்ணாடி பதித்து வந்தது ஐந்து கண்ணாடிக் கேபின். அதிகப் பணம் கொடுத்து வாங்க வேண்டிய 'டீலக்ஸ்' கேபினுக்கு இதுவே பிரதான லட்சணம். அதனுடன் கண்ணாடிகளைச் சுற்றி எவர்சில்வர் பட்டை, ஓட்டுநர் கதவில் கை வைத்துக்கொள்ள ஒரு திண்டு, பக்கத்தில் அமர்பவருக்கும் வெயில் மறைப்பு என்று சில சௌகரியங்கள் சேர்ந்து வந்தன.

இவற்றில் பளபளப்பவை யாவும் நம்பத்தகாத சாட்சிகள் என்பது என் அபிப்பிராயம். எவர்சில்வர் பட்டைகளை இன்று புதிதாகவே செய்து விற்கிறார்கள். திண்டையும் மறைப்பையும் ஒரு திருப்புளியும் அரை மணி அவகாசமும் உள்ள எவரும் மாட்டிவிடலாம். முன் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருக்கும் ரப்பர் பீடிங்கில் பட்டை செருகுவதற்கென்று ஒரு பள்ளம் ஓடினால் அது டீலக்ஸ் வகை, ஓடாவிட்டால் சாதாரண வகை என்பது உண்மைதான். ஆனால் எழுபது ஆண்டு தாங்கிய ரப்பர் எங்கே இருக்கிறது? அதுவும் மாற்றப்பட்டதாகவே இருக்கும். மாற்ற எளிதில் முடியாதது தகடு ஒன்றுதான். ஆகவே மூலைச் சாளரத்தின் உட்புறத்தில் விளக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும். தொழிற்சாலையில் அழுத்தி ஒட்டிய தகட்டில் சிறு சிறு வட்டப் பொட்டுகள் ஒழுங்கான இடைவெளியில் வரிசையாக நிற்கும். வேறொரு கேபினிலிருந்து மூலையை அறுத்தெடுத்து வந்து இதில் பொருத்தியிருந்தால், வெல்டிங் தடம் தழும்பைப்போல் நீளவாக்கில் ஓடும், அதைத் தேய்த்து மறைத்த இடத்தில் பட்டி கனமாகப் பூசப்பட்டிருக்கும். காந்தத்தை வைத்தால் தகடு பற்றிக்கொள்ளும், பட்டி கைவிட்டுவிடும். இவ்வளவும் செய்து ஒட்டு இல்லை என்று தெரிந்தாலும் முழுக் கேபினையே போல்ட் கழற்றி வேறு சேஸிஸில் ஏற்றியிருக்கலாம் அல்லவா என்று கேட்பவர் கெட்டிக்காரர்.

அந்தக் கேள்விக்கு விடை, வருஷ அடையாளங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதில் இருக்கிறது. ஓட்டுநர் பக்கத்துக் கதவுத் தூணில் ஒரு சிறு தகடு அறையப்பட்டிருக்கும். 1952 வரையில் கறுப்பு, 1953-இல் நீலம், எழுத்து மட்டும் இரண்டிலும் வெள்ளிநிறம். அதில் '5ஜிபிஏ' என்று எண் தொடங்கினால், கான்ஸாஸ் சிட்டித் தொழிற்சாலையில் 1949-ஆம் வருஷ மாடலாக ஜனவரி மாதத்தில் செய்த அரை டன் வண்டி என்று பொருள். கேபின் டீலக்ஸா சாதாரணமா என்பதைப் பற்றி அத்தகடு ஒரு வார்த்தையும் சொல்லாது. எனினும் தகடு சொல்லும் வருஷத்தைக் கேபினின் உடம்பு மறுக்கிறதா என்று பார்க்கலாம். 1947, 1948 வண்டிகளில் பெட்ரோல் ஊற்றும் வாய் பின்னால் சாமான் பெட்டியின் வலப்பக்கத்தில் இருந்தது. 1949-இல் டாங்க்கை இருக்கைக்குப் பின்னே நிமிர்த்தி வைத்ததால், அந்த வாய் வலது கதவுக் கைப்பிடிக்குச் சற்றுப் பின்னால் கேபினிலேயே வந்துவிட்டது. ஆதலால் 1948 என்று சொல்லப்படும் வண்டியின் கேபினில் அந்தத் துவாரமோ, அதை அடைத்த வட்டமோ கைக்குத் தட்டுப்பட்டால், சொல்பவர் சொல்லை அங்கேயே நிறுத்திவிடலாம். கதவில் முக்கோணக் காற்றுக் கண்ணாடி 1951-இல் வந்தது, அழுத்தித் திறக்கும் கைப்பிடி 1952-இல் வந்தது. கதவுகளைச் சுலபமாக மாற்றிவிடலாம் என்பதால் இவ்விரண்டுக்கும் நான் அவ்வளவு மதிப்புக் கொடுப்பதில்லை.

இங்கே ஒரு விபரீதத்தையும் குறிப்பிட வேண்டும். கொரியா யுத்தத்தின் காரணமாகக் குரோமிய முலாமுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, முன்பு மின்னிக்கொண்டிருந்த பல உறுப்புகள் வெறும் வர்ணம் பூசியே தொழிற்சாலையை விட்டு வெளிவந்தன. 1952-ஆம் வருஷ வண்டியில் முகப்புக் கம்பிகள் வர்ணத்தோடு மங்கலாக நின்றால், அது குறையன்று, யோக்கியதைக்கே அத்தாட்சி. அவ்வருஷத்து வண்டி தலை முதல் கால் வரை ஜொலித்தால்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஷெவர்லேயைப் போலவே ஃபோர்டு கம்பெனியாரும் 1951-இல் தங்கள் டிரக் கேபினுக்கு 'ஃபைவ் ஸ்டார்', 'ஃபைவ் ஸ்டார் எக்ஸ்ட்ரா' என்று இரண்டு தரங்களை வைத்தார்கள். அவற்றின் பேதம் பெரும்பாலும் இருக்கையின் மெத்தையிலும் கூரையின் உள்விரிப்பிலும் அடங்கிவிடுவதால், துணி கிழிந்த வண்டியில் அதைக் கண்டறிவது மிகவும் கடினம். அவர்களுடைய 1956-ஆம் வருஷ எஃப்-100 வண்டியில் விருப்பப்பட்டவர்களுக்கு அளித்த, மூலை வரை வளைந்து செல்லும் பெரிய பின் கண்ணாடிக்கு மேலே சொன்ன தகட்டுப் பரீட்சை அப்படியே பொருந்தும்.

விற்பவர் கேபினின் உள்விரிப்பைக் கழற்றிக் காட்டச் சம்மதிக்கவில்லையென்றால், மூன்று கண்ணாடி வண்டிக்குரிய விலையை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். 1955 மார்ச்சில் வெளிவந்த ஷெவர்லேயின் 'டாஸ்க் ஃபோர்ஸ்' வரிசையையும், அதில் பம்பாயின் பெயர் தாங்கிய தந்த வர்ணத்தில் வந்த காமியோ வண்டியையும் அடுத்த இதழில் பார்ப்போம்.