வெட்டாதவனுக்குப் பழம் கிடையாது!

கோட்டையூரில் தாயம் ஆட உட்காருகிறவர் முதலில் கேட்க வேண்டியது, "இது யார் வீட்டுத் தாயம்?" என்பதைத்தான். ஏனென்றால், அங்கே வீட்டுக்கு ஒரு சட்டம்!

பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நாலு முகம். 0, 1, 2, 3 என்று புள்ளிகள். கூட்டினால் ஒன்று வந்தால் தாயம். இரண்டுமே வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. தாயம் விழாமல் காய் இறங்காது. ஆக மொத்தம் 16 விதமாக விழலாம். அதில் தாயத்துக்கு இரண்டே இடம். எட்டுத் தடவை உருட்டியும் தாயம் விழாமல் முழிக்கிற ஆசாமி, மூன்று பேரில் ஒருவர் இருப்பார். (எங்கள் வீட்டில் அது பெரும்பாலும் நான்தான்.)

காய் இறங்கிய பிறகுதான் சார் ரகளையே! வெட்டினால் இன்னொரு உருட்டு உண்டா? ஜோடியாக நிற்கிற காய்களை ஒற்றைக் காய் வெட்டலாமா?

எங்கள் அப்பத்தா வீட்டுச் சட்டம் ரொம்பக் கறார். ஒரு வெட்டாவது வெட்டாதவன் உள்கட்டத்துக்குள் நுழைய முடியாது. வெளியே சுற்றிச் சுற்றி வரவேண்டியதுதான். பக்கத்து வீட்டில் அந்தத் தொல்லை இல்லை. பெருக்கல் குறி போட்ட கட்டத்தில் யாரும் வெட்ட முடியாது. அதிலேயே தாவித் தாவிப் பத்திரமாகப் பழமாகி விடலாம்.

"அது என்னப்பா வெளையாட்டு? பஸ்ல போற மாதிரி!" என்பார் அப்பத்தா.

என் கட்சியும் அதுதான். வெட்டு கட்டாயம் என்றால், பத்திரமாக உட்கார்ந்திருக்கும் சாதுவும் வெளியே வந்தாக வேண்டும். வந்தால் அவரையும் வெட்டலாம்!

அமெரிக்காவில் 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று ஒரு கற்பனைப் போர் விளையாட்டை வெளியிட்டார்கள். அதிலும் இதே கதைதான். இருபது முகக் கட்டையில் 20 விழுந்தால் பலத்த அடி என்பது ஆரம்பப் புத்தகத்தில் கிடையாது; ஆட்டக்காரர்கள் அவரவர் வீட்டில் வைத்துக்கொண்டது. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் அதுவே அடிப்படைச் சட்டமாகி விட்டது. அப்பத்தாவுக்குத்தான் பதிப்பகம் கிடைக்கவில்லை!

போன பொங்கலுக்கு எல்லோரும் ஊரில் கூடினோம். வீட்டுப் பங்கு விஷயமாக நாலு வருஷம் முகம் பார்க்காத பெரியப்பாவும் சித்தப்பாவும் எதிரெதிரே. சித்தப்பா ஒரு வெட்டுகூட வெட்டவில்லை. உருட்டினார். மூன்று. சரியாக மூன்றாவது கட்டத்தில் பெரியப்பாவின் காய், தனியாக. சித்தப்பா கையை எடுத்துக்கொண்டு சும்மா இருந்தார். வளவே கப்சிப்.

"வெட்டுடா. சட்டம்னா சட்டம்தான்" என்றார் பெரியப்பா.

வெட்டினார்.

செல்போன் தாயத்தில் சட்டத்தை அதுவே வைத்திருக்கிறது. கேட்கவும் ஆள் இல்லை, சண்டைக்கும் வழியில்லை. அதனால் எங்கள் வீட்டுச் சட்டத்தை நான் நோட்டில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். மூன்றாவது விதியிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறது. தொடர்ந்து மூன்று தாயம் விழுந்தால் செல்லும் என்கிறார் சித்தப்பா. செல்லாது என்கிறார் பெரியப்பா. தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு போனில் இதே வாக்குவாதம்தான்.