புதுத் தொட்டியில் நகராத நைட்ரஜன் சுழற்சி

புதிதாக வாங்கிய கண்ணாடித் தொட்டியில் மணல் பரப்பி, நீர் நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, ஓரிரு நாளிலேயே மீன்களை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டதால், முதல் மாதத்துக்குள் அவை ஒவ்வொன்றாகச் செத்து மிதப்பதும் ஏறத்தாழ வழக்கமாகவே ஆகிவிட்டது. இச்சாவுகளுக்கு நோயைவிட மீன்களின் கழிவே பெரும்பாலும் காரணமாகிறது. செவுள் வழியே மீன்கள் வெளியேற்றுவதும், தின்னாமல் விட்ட தீவனம் அழுகுவதால் பிறப்பதுமான அம்மோனியா சிறிய அளவிலேயே நஞ்சாகும். அதை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாக மாற்ற, அதுவும் நஞ்சாகவே இருப்பதால், இன்னொரு வகை நுண்ணுயிர்கள் அதைத் தீங்கு மிகக் குறைந்த நைட்ரேட்டாக மாற்றியாக வேண்டும். இவ்விரு கூட்டங்களும் ஃபில்டரின் பஞ்சிலும் மணலிலும் படலமாகக் குடியேறித் தொட்டியின் கழிவு முழுவதையும் அன்றன்றே மாற்றும் அளவுக்குப் பெருகுவதையே மீன் வளர்ப்போர் நைட்ரஜன் சுழற்சி அமைவது என்கின்றனர்.

இந்த நுண்ணுயிர்கள் இயல்பிலேயே மெதுவாக வளர்பவை. குடலில் வாழும் ஈ.கோலி ஏற்ற சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும்போது, அம்மோனியாவை ஆக்சிஜனேற்றம் செய்து கிடைக்கும் அற்ப ஆற்றலைக் கொண்டே உடலைக் கட்டிக்கொள்ளும் இவற்றுக்கு அரை நாளோ, ஒரு நாளோ, அதற்கு மேலோ ஆகும். ரஷ்ய அறிவியலாளர் செர்கெய் வினோகிராட்ஸ்கி 1890 வாக்கில் இவற்றைத் தனித்துப் பிரித்துக் காட்டினார். நன்னீர்த் தொட்டியில் நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றே நெடுங்காலம் நம்பப்பட்டு, அப்பணியைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்பது 1990களின் இறுதியில்தான் தெரியவந்தது. வெதுவெதுப்பான நீரில்கூட நான்கு முதல் ஆறு வாரம் ஆவது இயல்பு என்பதால், மூன்றாம் வாரத்தில் சுழற்சி நின்றுவிட்டது என்று முடிவு கட்டிப் புட்டி புட்டியாக நுண்ணுயிர்க் கரைசலை ஊற்றுவது அவசரமே.

நின்றுவிட்டதாகத் தோன்றும் தொட்டிகளில் கணிசமானவை உண்மையில் நிற்கவில்லை. சோதனைப் பெட்டியின் வண்ண அட்டைதான் அளக்க முடியாமல் நிற்கிறது. ஒரு மில்லிகிராம் அம்மோனியா மாறும்போது ஏறத்தாழ 2.7 மில்லிகிராம் நைட்ரைட் உண்டாகிறது. ஆகவே மீன் விடாமல் தொட்டியைத் தயார் செய்வோர், லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் நான்கு முறை அம்மோனியா சேர்த்திருந்தால், நைட்ரைட் 20 மில்லிகிராமைத் தாண்டிவிடும். பல சோதனைப் பெட்டிகளின் அட்டை 5 மில்லிகிராமோடு முடிந்துவிடுவதால், நைட்ரைட் இருபதிலிருந்து ஆறுக்கு இறங்கும் நாள்களெல்லாம் குழாயில் அதே அடர்நிறமே தெரியும். வளர்ப்பவரோ எதுவும் நடக்கவில்லை என்று கவலைப்படுவார். ஒரு பங்கு தொட்டி நீரோடு ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீரைக் கலந்து சோதித்து, வரும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் உண்மை நிலை தெரிந்துவிடும். நைட்ரேட் சோதனைக்கான கரைசல் புட்டியைக் குலுக்காமல் பயன்படுத்தினால் அடியில் படிந்த பொருள் கலக்காமல் போய்ப் பொய்யாகக் குறைந்த அளவு காட்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

அளவீடு சரியாக இருந்தும் அம்மோனியா நாள்கணக்கில் குறையவே இல்லையெனில், முதலில் ஐயுற வேண்டியது நீரின் காரத்தன்மையை, அதாவது அமிலம் சேரும்போது அதைத் தாங்கி ஈடுகட்டும் பைகார்பனேட் இருப்பை. அம்மோனியா நைட்ரைட்டாகும் வினையில் அமிலம் பிறப்பதால், ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு இணையான காரத்தன்மை செலவாகிறது. ஆழ்துளைக் கிணற்றுக் கடின நீரில் இது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் கடின நீருக்கு அஞ்சி, வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் நீரை மட்டுமே நிரப்பிய தொட்டியில் காரத்தன்மை லிட்டருக்கு 20 மில்லிகிராம் அளவிலேயே இருக்கக்கூடும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியாவை இரண்டு முறை மாற்றி முடிப்பதற்குள் அது தீர்ந்து, நீரின் அமில கார அளவைக் காட்டும் பி.எச். சரிந்துவிடும். பி.எச். 6.5க்குக் கீழே போனால் நுண்ணுயிர்கள் சோர்ந்து, 6க்குக் கீழே ஏறத்தாழ வேலையை நிறுத்திவிடுகின்றன. சமையலறையில் உள்ள ஆப்ப சோடா, 100 லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்தால், லிட்டருக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராம் காரத்தன்மை கூடும்.

மீன்கள் இருக்கும் தொட்டியில் இதே மருந்து கொல்லவும் கூடும். நீரில் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கிறது: மின்னூட்டம் பெற்ற அம்மோனியம் அவ்வளவாகத் தீங்கு செய்யாது; மின்னூட்டமில்லாத அம்மோனியாவே செவுளை எரிக்கிறது. 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், பி.எச். 7ஆக இருக்கும்போது மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும் நச்சு வடிவம், பி.எச். 8ஆனதும் ஐந்து பங்கைத் தாண்டுகிறது. ஆகவே நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி அம்மோனியாவைக் குறைத்த பிறகே சோடாவைத் தொட வேண்டும்.

அடுத்த காரணம் ஃபில்டரைக் கழுவும் பழக்கம். பஞ்சில் படியும் பழுப்பு நிறப் பிசுபிசுப்பை அழுக்கென்று கருதி, குழாய் நீரில் அது வெள்ளையாகும்வரை பிழிவோர், அதில் ஒட்டியிருந்த நுண்ணுயிர்களையும் கழுவிவிடுகிறார்கள். மாநகராட்சி நீரின் குளோரின் எஞ்சியதைக் கொல்கிறது. தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பஞ்சை இலேசாக அலசினால் போதும். நீரை ஒரு நாள் வாளியில் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். குளோரமின் அவ்வாறு போகாது, தயோசல்பேட் இட்டு உடைத்தாலும் அம்மோனியாவை விட்டுச் செல்லும் என்பதால், குழாய் நீரையே ஒருமுறை அம்மோனியாவுக்குச் சோதித்துப் பார்ப்பது நல்லது. சத்தம் தொல்லையாக இருக்கிறதென்று இரவில் ஃபில்டரை நிறுத்துவதும், நீண்ட மின்வெட்டும் பஞ்சுக்குள் பிராணவாயுவைத் தீர்த்துவிடும்.

மலைப்பகுதிக் குளிரில் வேகம் குறைவதும், மீன் நோய்க்கென ஊற்றிய மெத்திலீன் நீலமோ ஆண்டிபயாடிக் மருந்தோ நல்ல நுண்ணுயிர்களைத் தாக்குவதும் உண்டு. செடிகள் அடர்ந்த தொட்டியில் அவையே அம்மோனியாவை உறிஞ்சிவிடுவதால் நைட்ரைட் தலைகாட்டாமலே போகலாம். அது கோளாறு அல்ல.

மீன்கள் ஏற்கனவே உள்ளே இருந்தால், தீவனத்தைப் பெரிதும் குறைத்து, அடிக்கடி பகுதி நீரை மாற்ற வேண்டும். நுண்ணுயிர்கள் பரப்புகளில் ஒட்டி வாழ்வதால், நீர் மாற்றினால் சுழற்சி முதலிலிருந்து தொடங்கும் என்ற அச்சத்துக்கு அடிப்படையில்லை. நைட்ரைட் மீனின் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைச் சுமக்க இயலாத பழுப்புப் பொருளாக்குவதால், காற்று நன்றாகக் குமிழும் நீரிலும் மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து தவிக்கும். 10 லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் கல்லுப்பைக் கரைத்தால், அதன் குளோரைடு செவுள் வழியே நைட்ரைட் நுழைவதைத் தடுக்கிறது.

வேகப்படுத்தும் வழிகளில் நம்பத்தக்கது, நோயற்ற பழைய தொட்டியின் ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டை ஈரம் உலராமல் கொண்டுவந்து புது ஃபில்டருக்குள் வைப்பதே. சுழற்சி அமைந்துவிட்டதா என்பதை, மீன் இல்லாத தொட்டியில், நவச்சாரம் எனப்படும் தூய அம்மோனியம் குளோரைடை 100 லிட்டருக்கு 0.63 கிராம் வீதம் கரைத்துச் சோதிக்கலாம். பாத்திரங்களுக்கு ஈயம் பூசப் பயன்படும் நவச்சாரத்தில் கலப்பு இருக்கலாம் என்பதால் ஆய்வகத் தரமுள்ளதே ஏற்றது. லிட்டருக்கு 2 மில்லிகிராமாக ஏறிய அம்மோனியாவும், அதிலிருந்து பிறந்த நைட்ரைட்டும் 24 மணி நேரத்தில் பூஜ்யத்துக்கு இறங்கினால், நீரில் பெரும்பகுதியை மாற்றி நைட்ரேட்டைக் குறைத்துவிட்டு மீன்களை விடத் தொடங்கலாம்.