காய்ச்சினாலும் போகாத பட்டாசு மருந்து

2013-இல் சென்னை தண்டையார்பேட்டையில் சில வீட்டு போர்வெல்களில் தண்ணீரோடு எண்ணெயும் ஏறி வந்தது. தெருவுக்கடியில் போகும் எண்ணெய்க் குழாயின் கசிவு அது. பழைய பெட்ரோல் பங்கில் புதைத்த டேங்க் ஓட்டையானாலும் இப்படித்தான். எண்ணெய் தண்ணீரைவிட லேசு. மேலே மிதக்கும், மூக்குக்கும் தெரிந்துவிடும். சிவகாசிப் பக்கம் நிலத்துக்குள் இறங்கியிருப்பது வேறு சரக்கு. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அதன் பெயர் பெர்குளோரேட். ஒரு குளோரின் அணு, அதைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள். வெடி வெடிக்கும் வேகத்துக்கு வெளிக்காற்று ஈடுகொடுக்காது. ஆக்சிஜன் மருந்துக்குள்ளேயே இருக்க வேண்டும். அதற்காகத்தான் பொட்டாசியம் பெர்குளோரேட் சேர்க்கிறார்கள். சிந்திய மருந்தும் கழுவிவிட்ட தண்ணீரும் மழையோடு மண்ணில் இறங்கும். கரிசல் மண் பல அழுக்குகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதை மட்டும் பிடிக்காது. களிமண் துகளிலும் எதிர்மின்னூட்டம், பெர்குளோரேட்டிலும் எதிர்மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று தள்ளும். ஆகவே தண்ணீர் போகும் வழியெல்லாம் அதுவும் கூடவே போய்ப் பாறை வெடிப்புகளில் சேர்ந்துவிடும்.

ஜப்பானிய, இந்திய ஆய்வாளர்கள் சேர்ந்து சோதித்து 2013-இல் வெளியிட்ட முடிவு இது: சிவகாசியின் 57 நிலத்தடி நீர் மாதிரிகளில் 17, அமெரிக்கா அப்போது வைத்திருந்த லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்ற அளவைத் தாண்டியிருந்தன. அதிகபட்சம் 7,690. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் சொன்ன 70-ஐ வைத்துப் பார்த்தாலும் நூறு மடங்குக்கு மேல். பட்டாசு ஆலைப் பகுதிகளில்தான் அளவு கூடியிருந்தது. சோதித்த 3 குழாய்த் தண்ணீர் மாதிரிகளில் அரை மைக்ரோகிராம்கூட இல்லை என்பது பெரிய ஆறுதல்.

உடம்பில் இது தைராய்டு சுரப்பியைத் தொடுகிறது. சுரப்பி அயோடினை உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் நினைத்துத்தான் அதிகம் கவலைப்பட வேண்டும்.

இனி, கிட்டத்தட்ட எல்லோரும் நம்புகிற ஒன்றுக்கு வருவோம்: “போர் தண்ணிதானே, காய்ச்சிக் குடிச்சா ஒண்ணும் ஆகாது.” காய்ச்சினால் கிருமி சாகும், அந்தப் பழக்கத்தை விட வேண்டாம். ஆனால் பெர்குளோரேட் கிருமி அல்ல, கரைந்திருக்கும் உப்பு. உப்புக் கூடிப்போன குழம்பை அடுப்பிலேயே வைத்துச் சுண்டவிட்டால் என்ன ஆகும்? தண்ணீர் ஆவியாகும், உப்பு அப்படியே நிற்கும், கரிப்பு ஏறும். இங்கும் அதேதான். கேண்டில் ஃபில்டரிலும் இது நிற்காது. டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பை அளக்குமே தவிர, இதைத் தனியாகக் காட்டாது. ஆர்.ஓ. சவ்வு பெரும்பகுதியை நிறுத்தும். ஆனால் நிறுத்தியது கழிவுத் தண்ணீரில்தான் இருக்கும், கொல்லையில் ஊற்றினால் திரும்ப நிலத்துக்கே போகும். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500-இல் பெர்குளோரேட்டுக்கு வரம்பே இல்லாததால் வழக்கமான சோதனையில் இதைத் தேடுவதில்லை. நாட்டின் பட்டாசில் பெரும்பகுதியைச் செய்து கொடுக்கும் வட்டாரத்தின் கிணறுகளிலாவது தேடியே ஆக வேண்டும்.

சுத்தம் செய்ய வழி இருக்கிறது. மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்கள், காற்று கிடைக்காத இடத்தில் பெர்குளோரேட்டின் ஆக்சிஜனை எடுத்துச் சுவாசிக்கும். மிஞ்சுவது சாதாரணக் குளோரைடு. பெட்ரோல் கசிந்த இடத்தில் கதை நேர் எதிர். அங்கே எண்ணெயே பாக்டீரியாவுக்குச் சாப்பாடு, பற்றாக்குறை ஆக்சிஜனுக்கு. அதனால் நிலத்துக்குள் காற்றை ஊதுகிறார்கள். இங்கே சுவாசிக்க இருக்கிறது, சாப்பாடு இல்லை. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து ஹெண்டர்சனில், பெர்குளோரேட் தயாரித்த ஆலைகளின் கழிவு கொலராடோ ஆற்றுவரை போனது 1997-இல் தெரிந்தது. நிலத்தடி நீரை மேலே இறைத்து, தொட்டிகளில் பாக்டீரியாவுக்கு எத்தனால் ஊட்டிச் சுத்தம் செய்கிறார்கள்.

சிவகாசியில் அதைச் செய்ய, முதலில் கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று வரைய வேண்டும். பாறை வெடிப்பு போகும் வழி மேலே நின்று பார்த்தால் தெரியாது. நைட்ரேட்டையும் சேர்த்து அளக்க வேண்டும். வெடியுப்பிலிருந்தும் வயல் உரத்திலிருந்தும் இறங்கும் நைட்ரேட்டைத்தான் பாக்டீரியா பெரும்பாலும் முதலில் எடுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் போதுமான சாப்பாடு கொடுத்தால்தான் பெர்குளோரேட்டின் முறை வரும்.