'குற்றாலம்'னு தேடினா பாதிதான் வருதா? எக்செல்லில் நட்சத்திரக் குறி இருக்கே!

சீசன் நேரத்து பார்சல் பட்டியல். ஒருத்தர் முகவரியில் 'பழைய குற்றாலம்', இன்னொருத்தருக்கு 'குற்றாலம் ஐந்தருவி'. கவுன்ட்இஃப் ஃபார்முலாவில் "குற்றாலம்" என்று மட்டும் கொடுத்தால் இரண்டுமே கணக்கில் வராது. "*குற்றாலம்*" என்று கொடுங்கள். முன்னும் பின்னும் என்ன இருந்தாலும் சேர்த்துவிடும்.

பேச்சு வழக்கில் 'குத்தாலம்' என்று எழுதியவங்களையும் பிடிக்க "*கு*லம்*" போடலாமேன்னு தோணும். அவசரப்படாதீங்க, மயிலாடுதுறை மாவட்டத்துக் குத்தாலமும் உள்ளே வந்துடும்! கவுன்ட்இஃப்ஸ் போட்டு, மாவட்டம் 'தென்காசி' என்ற நிபந்தனையையும் சேர்த்தால் தப்பிக்கலாம்.

கேள்விக்குறி ஒரே ஒரு எழுத்துக்கு என்பார்கள். அது ஆங்கிலத்துக்குச் சரி. 'தென்காசி' நமக்கு 4 எழுத்து. புள்ளி, கொம்பு, கால், விசிறி எல்லாத்தையும் தனித்தனியா எண்ணுகிற எக்செல்லுக்கு 8. அதனால் 8 கேள்விக்குறி போடணும்.