பிரதி கேட்கும் முன் பதிவைத் தேடவேண்டிய ஊர்

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் உள்ள உடையார்கட்டில் ஒருவருக்குப் பிறப்புச் சான்றிதழின் பிரதி தேவையென்றால், அவர் போகவேண்டியது பிரதேச சபைக்கு அல்ல, புதுக்குடியிருப்புப் பிரதேச செயலகத்துக்கு. தமிழ்நாட்டில் நகராட்சியும் பேரூராட்சியும் இந்த வேலையைப் பார்க்கின்றன. இலங்கையில் இது பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் பொறுப்பு. அதன் மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரதேச செயலகத்தில் இருந்து பணியாற்றுகிறார். விண்ணப்பப் படிவத்தில் பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், பெற்றோர் பெயர் ஆகியவற்றோடு பதிவு இலக்கமும் பதிவுத் திகதியும் கேட்கப்படும். இலக்கம் தெரிந்தால் கட்டணம் குறைவு. தெரியாவிட்டால் புத்தகத்தைத் தேடுவதற்கும் சேர்த்துக் கட்டவேண்டும். நாட்டின் பெரும்பாலான ஊர்களில் விஷயம் இத்துடன் முடிந்துவிடும். உடையார்கட்டு அடங்கிய வன்னியில் பலருக்கு இங்கேதான் தொடங்குகிறது.

ஏனெனில் இந்த நடைமுறை, பழைய சான்றிதழ் வீட்டில் எங்கேயோ இருக்கிறது என்ற நம்பிக்கையில் அமைந்தது. பதிவு இலக்கம் எழுதப்பட்டிருப்பது அந்தப் பழைய தாளில்தான். போரின் கடைசி மாதங்களில், 2009 ஜனவரியில், உடையார்கட்டும் சுதந்திரபுரமும் வள்ளிபுனமும் அரசு அறிவித்த முதலாவது பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தன. அந்த வலயத்துக்குள்ளும் எறிகணைகள் விழுந்தன. உடையார்கட்டில் இயங்கிய வைத்தியசாலையும் தப்பவில்லை. அங்கிருந்து மாத்தளன், முள்ளிவாய்க்கால், பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் என்று நகர்ந்த குடும்பங்கள், உடுத்த உடையோடு வந்து சேர்ந்தவை. காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரே பையில் இருந்து, அந்தப் பை பதுங்குகுழியில் போனால் எல்லாம் ஒன்றாகவே போயிற்று. ஆகவே இலக்கத்தைக் கொண்டுவா என்று இவர்களிடம் கேட்பது, தொலைந்த தாளையே கொண்டுவா என்று கேட்பதுதான். தேடும் சுமை விண்ணப்பதாரரின் தலையில் அல்ல, அலுவலகத்தின் மேசையில் இருக்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தேடலில் முதலில் தவறுவது இடம். பிறப்பு, பெற்றோரின் சொந்த ஊரில் அல்ல, பிள்ளை பிறந்த இடத்துக்குரிய பதிவாளர் பிரிவிலேயே பதியப்படும். உடையார்கட்டுத் தாய் வவுனியா வைத்தியசாலையில் பெற்ற பிள்ளையின் பெயர் வவுனியாப் புத்தகத்தில் இருக்கும். 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னியில் பிள்ளை பெற்று, பின்னர் யாழ்ப்பாணம் திரும்பிய குடும்பத்தின் பிள்ளை, தான் வளர்ந்த ஊரின் புத்தகத்தில் எத்தனை தடவை தேடினாலும் அகப்படமாட்டாது. 1960க்குப் பிந்திய பதிவுகள் கணினிக்கு ஏற்றப்பட்டு, எந்தப் பிரதேச செயலகத்திலும் பிரதி பெறும் வசதி வந்திருப்பது உண்மையிலேயே பெரிய ஆறுதல். ஆனால் கணினி தன்னிடம் ஏற்றப்பட்ட பக்கத்தைத்தான் காட்டும். மாவட்டத்தில் உள்ள புத்தகம் அழிந்திருந்தாலும் கைவிட்டுவிடக் கூடாது: பதிவு இரு படியாக எழுதப்படுகிறது, ஒரு படி பதிவாளர் நாயகத்திடம் சேரவேண்டியது. போர்க்காலத்தில் அந்தப் படி கொழும்புக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதைப் பிரிவுவாரியாகப் பார்க்கவேண்டும். இதை ஒரு தாயால் செய்ய முடியாது. ஓர் அலுவலகம் செய்ய முடியும்.

எங்குமே பதிவு இல்லையென்றால், பிரதி கேட்பதில் பயனில்லை. காலங்கடந்த பதிவுக்கே போகவேண்டும். 1951ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி பிள்ளை பிறந்து 42 நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். 2009 மாசிக்கும் வைகாசிக்கும் இடையில் தறப்பாளுக்குக் கீழே பிறந்த பிள்ளைக்கு அந்த 42 நாளில் பதிவாளர் எங்கே இருந்தார்? அந்தப் பிள்ளைகள் 2024இல் 15 வயதை எட்டினார்கள். தேசிய அடையாள அட்டைக்கும் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கும் ஆவணம் கேட்கப்படும் வயது அது. காலங்கடந்த பதிவுக்கு, தேடியும் பதிவு கிடைக்கவில்லை என்ற பெறுபேற்றை முதலில் எழுத்தில் பெறவேண்டும். அதோடு பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு, பாடசாலை அனுமதி விவரம், ஞானஸ்நானச் சான்றிதழ் அல்லது சாதகம், கூடப்பிறந்தவர்களின் சான்றிதழ்கள், சத்தியக் கடதாசி, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் என்று கிடைப்பதையெல்லாம் சேர்க்கவேண்டும். உத்தேச வயதுச் சான்றிதழ் அவசரத்துக்கு உதவலாம். பிறப்புப் பதிவுக்கு அது ஈடாகாது.

சுமையை அலுவலகம் ஏற்றால் போலிப் பதிவுகள் பெருகும் என்பது வலுவான ஆட்சேபம். ஒரு பிறப்புப் பதிவிலிருந்து கடவுச்சீட்டு வரை எடுக்கலாம் என்பதால் பதிவாளர்களின் எச்சரிக்கை நியாயமானதே. ஆனால் இங்கே கேட்கப்படுவது ஆதாரத்தைத் தளர்த்துவதல்ல, தேடுவதை யார் செய்வது என்பதை மாற்றுவதுதான். பாடசாலைக் கோப்பையும் மருத்துவப் பதிவையும் அலுவலகமே நேரடியாகக் கேட்டு வாங்கினால், இடைத்தரகர் கொண்டுவரும் தாளைவிட அது நம்பகமானது. போலி வளர்வது, நேர்வழியில் போனவர் அலைந்து களைத்துத் தரகரிடம் காசு கொடுக்கும்போதுதான். பெற்றோர் இவ்வளவு காலம் என்ன செய்தார்கள் என்று கேட்பவர்களும் உண்டு. முகாம்களிலும் மீள்குடியேற்றத்தின் பின்னரும் நடமாடும் சேவைகள் நடந்தன. பலர் பயனும் பெற்றார்கள். ஆனால் தந்தை இறந்தோ காணாமல்போயோ, திருமணம் பதியப்படாமலோ இருந்த குடும்பங்களின் நிலை வேறு. பெற்றோர் விவாகமானவர்களா என்று படிவத்தில் கேட்ட அந்த ஒரு கூட்டுக்குப் பதில் சொல்லக் கூசியே பல தாய்மார் தள்ளிப்போட்டிருப்பார்கள். அதற்கான தண்டனையைப் பிள்ளை அனுபவிப்பது எந்த வகையில் நீதி?

சட்டத்தை மாற்றாமலே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் எந்தப் பதிவாளர் பிரிவின் எந்த ஆண்டுப் புத்தகம் இருக்கிறது, எது சிதைந்தது, எதற்குக் கொழும்பில் இரண்டாம் படி உண்டு என்ற பட்டியலைப் பிரதேச செயலகங்களின் அறிவிப்புப் பலகையிலும் கிராம அலுவலரிடமும் வைக்கலாம். புத்தகமே இல்லாத ஆண்டில் பிறந்தவர், பிரதிக்கான விண்ணப்பத்தோடு மாதக்கணக்கில் காத்திராமல், முதல் நாளே காலங்கடந்த பதிவுக்கான படிவத்தைக் கையில் எடுப்பார்.