அபு கற்ற காதல்

காதற் காட்சி என்றவுடன் பூஞ்சோலையும் காதலர் பாட்டும் நம் மனத்தில் தோன்றுவது இயல்பு. 1959-ஆம் ஆண்டில் சத்யஜித் ரே கல்கத்தாவிலிருந்து அளித்த ‘அபுர் சன்ஸார்’ என்னும் வங்காளிப் படத்தில் இவை இரண்டும் இல்லை. இருப்பதெல்லாம் இரயில் பாதையை ஒட்டிய மேல்மாடி அறை ஒன்று, ஒரு கரியடுப்பு, தீராத வாடகை பாக்கி. ‘சன்ஸார்’ என்பது நம் ‘சம்சாரம்’தான். நம்மவர் வழக்கில் அது குடும்பத்தையும் குறிக்கும், இல்லாளையும் குறிக்கும். இப்படத்திற்கு நம் வழக்கே மிகவும் பொருந்துகிறது.

அபுவாக நடித்த சௌமித்ர சட்டர்ஜிக்கு அதுவே முதற்படம். அகில இந்திய வானொலியில் அறிவிப்பாளராக இருந்தவர். 1956-இல் வெளிவந்த ‘அபராஜிதோ’வில் அபுவாக நடிக்க முயன்றார், அவ்வேடத்திற்கு வயது மிகுந்து தோன்றியமையால் வாய்ப்புக் கிட்டவில்லை. மணமகள் அபர்ணாவாக வந்த சர்மிளா தாகூரோ பதின்மூன்று பதினான்கு வயதுப் பள்ளி மாணவி; திரைக்கு அவரும் புதியவர். கணவன் மனைவியின் காதலை இவ்விருவரும் எங்ஙனம் அறிவது?

கதைக்குள்ளும் இதே வினா எழுகிறது. அபு நாவல் எழுதுகிறான். அதில் காதலும் உண்டு என்கிறான். காதலைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று மடக்குகிறான் நண்பன் புலு. பின்னர் அவனுடன் ஒரு திருமணத்திற்குச் செல்கிறான் அபு. மணமகன் சித்தம் கலங்கியவன் என்பது கடைசி நேரத்தில் தெரியவர, அந்தப் பெண்ணின் வாழ்வு பாழாகாதிருக்க அபுவே மணமகனாகிறான். ஆக, காதல் திருமணத்திற்குப் பிறகுதான் தொடங்க வேண்டும். நம் பாட்டன்மார் காலத்து இல்லறங்கள் பலவும் அவ்வாறு தொடங்கியவை அல்லவா?

எங்கே பார்க்க வேண்டும், எப்போது தலை தாழ்த்த வேண்டும் என்பதைக் கேமராவின் பின்னிருந்தே சர்மிளாவுக்குச் சொல்லிக்கொடுத்தார் ரே. அவர் கற்பித்தது உணர்ச்சியை அன்று, செயலை என்று நாம் கருதுகிறோம். பள்ளிச் சிறுமியை மணமகளாக்கியது தகுமா என்று இன்று கேட்போர் உளர். கேட்கத்தக்க கேள்விதான். ஆயினும் அச்சிறுமியின் வயதுக்கு ஒவ்வாத எதையும் படத்தில் நாம் காணவில்லை.

கல்கத்தா வந்த அபர்ணா அறையில் தனித்து நின்று அழுகிறாள். சன்னல் திரையின் கிழிசல் வழியே நோக்க, கீழே ஒரு தாயும் குழந்தையும் தெரிகின்றனர். ஊரை விட்டு வந்து, அயல் நகரில் வாடகை அறைக்குள் முதன்முதலாக அடியெடுத்து வைத்த நம் இல்லத்தரசிகளுக்கு அக்கண்ணீரை விளக்க வேண்டியதில்லை. அபர்ணாவுக்கு மொழியாவது தெரிந்திருந்தது!

மறுகாட்சியில் பொழுது விடிகிறது. எழுந்திருக்க முயன்றவளின் சேலைத் தலைப்பு கணவனின் துணியோடு முடிந்திருக்கிறது. அவள் அடுப்பு மூட்டச் சென்றபின், தலையணையோரம் கிடந்த கொண்டை ஊசியை அபு எடுத்துப் பார்க்கிறான். பிறகு அவளைப் பார்க்கிறான். சிகரெட் பெட்டியைத் திறந்தால், உணவுக்குப் பின் ஒன்றே என்ற வாக்குறுதியை நினைவூட்டும் அவள் கைச்சீட்டு. சௌமித்ர இங்கே ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவன் உண்ண அவள் விசிறுகிறாள். அவள் உண்ண அவன் விசிறுகிறான். வேலைக்காரி வைக்க இன்னொரு டியூஷன் எடுக்கட்டுமா என்றால், இருக்கும் டியூஷனையும் விட்டுவிட்டு வேளையோடு வீடு திரும்பச் சொல்கிறாள் அவள். ஒன்றுக்கு இரண்டு வேலை பார்த்து இரவில் வீடு திரும்பும் அன்பர்கள் இதனைக் கவனிப்பார்களாக.

பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு சென்றவளிடமிருந்து கடிதம் வருகிறது. அபு அதை ஒரே மூச்சில் படித்துவிடுவதில்லை. அலுவலகத்தில் கொஞ்சம், நெரிசல் மிகுந்த டிராமில் கொஞ்சம், தண்டவாளத்தோரம் நடந்தபடி மீதி. காதலை அறியாதிருந்த அந்த எழுத்தாளன் எவ்வளவு தூரம் வந்துவிட்டான் என்பதைச் சௌமித்ர அந்த நடையிலேயே காட்டிவிடுகிறார். வீட்டில் அவள் தம்பி காத்து நிற்கிறான், பிரசவத்தில் அவள் மாண்ட செய்தியோடு. அபு அவனை அறைந்துவிடுகிறான்.

பின்னொரு நாள் மலைமீது நின்று, எழுதிவைத்த நாவலின் தாள்களைக் காட்டுக்குள் விழவிடுகிறான். சௌமித்ர அதன்பின் ரேயின் படங்கள் பலவற்றில் நடித்து, 2020-இல் மறைந்தார்.